காலில் பட்ட காகிதம்

காகிதத்தில் கால் பட்டால் இன்றைக்கும் கை தானாகப் போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது, அது கரண்ட் பில்லாக இருந்தாலும் சரி, சுண்டல் மடித்த பழைய தாளாக இருந்தாலும் சரி. அம்மா பழக்கியது. இத்தனைக்கும் அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகுதான், மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்கு ஒழுங்காகப் போனாராம். 'படி, படி' என்று என்னை விரட்டியதே இல்லை. கடைப் பொட்டலத்தைப் பிரித்தால் தாளை நீவி, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். சரஸ்வதி பூஜையன்று மட்டும் புத்தகத்தைத் தொடவிட மாட்டார் (அன்றைக்குத்தான் எனக்குப் படிக்க ஆசையாக வரும்). போன வாரம் என் மகள் தெரியாமல் செல்போனை மிதித்துவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொல்லித்தரவே இல்லை.