சோயா ரகத்தின் பெயரை விவசாயியிடம் சொல்ல ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்த கதை

விதை நிறுவனத்தோடு போட வேண்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒருவழியாக வந்தது. ஆனால் விதைக்க நல்ல பருவம் போன பிறகு வந்தது. அமெரிக்க மத்திய மேற்கில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் சோயாவை மண்ணில் போட்டுவிட வேண்டும். ஜூனுக்குத் தள்ளினால் மகசூல் இறங்கும். எங்கள் சோதனைத் திடல்களில் ஒரு பகுதி ஜூனில்தான் விதைக்கப்பட்டது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. பல்கலைக்கழகம், விவசாயிகள் வாரியம், தனியார் விதை நிறுவனம் என்று மூன்று தரப்பு சேரும் திட்டத்தில் இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

திட்டம் எளிமையானதுதான். சோயா வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவான சிஸ்ட் நூற்புழுவை (சிஸ்ட் என்பது வேரில் ஒட்டியிருக்கும் அதன் முட்டைப் பை) எதிர்க்கும் சோயா ரகங்களை விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே பக்கத்தில் பக்கத்தில் விதைப்பது, விதைப்பின்போதும் அறுவடையின்போதும் மண் எடுத்து முட்டைகளை எண்ணுவது, கோடையில் அக்கம்பக்கத்து விவசாயிகளை வயலுக்கே வரவழைத்துக் காட்டுவது. இந்தப் புழு மேலே ஒரு அறிகுறியும் காட்டாமலே 30 சதவீதம் வரை மகசூலைத் தின்றுவிடும். சந்தையில் உள்ள எதிர்ப்பு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை பி.ஐ. 88788 என்ற ஒரே மூலச் சோயா வகையிலிருந்து எதிர்ப்புத்திறனைப் பெற்றவை. பல பத்தாண்டுகளாக அதையே விதைத்ததில் பல வயல்களில் புழு அதற்குப் பழகிவிட்டது. மூட்டையில் ‘எதிர்ப்பு ரகம்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது. எந்த ரகம் எந்த மண்ணில் தாங்கியது என்று பெயரோடு தெரிந்தால்தான் விவசாயிக்குப் பயன்.

பணம் ‘செக்காஃப்’ நிதியிலிருந்து. விவசாயி சோயாவை விற்கும்போது விலையில் அரை சதவீதம் பிடிக்கிறார்கள். 100 டாலருக்கு விற்றால் 50 சென்ட். அதில் பாதி மாநில வாரியத்துக்கு, பாதி தேசிய சோயா வாரியத்துக்கு. 1990-ஆம் ஆண்டு சட்டத்தின்படி 1991-இலிருந்து நடக்கும் ஏற்பாடு. மாநில வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் விவசாயிகளே. அவர்கள் நேரடியாகக் கேள்வி கேட்டார்கள், ஒப்புதல் கொடுத்தார்கள். அங்கே ஒரு சிக்கலும் இல்லை.

முதல் தடை எங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த அலுவலகத்தில். இப்படிப்பட்ட வாரியங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் மேல்செலவுக்கு, அதாவது கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்கு, பணம் தருவதில்லை. துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் அலுவலகத்துக்கு அது வாரியத்தின் கொள்கை என்று வாரியத்தின் கடிதத்தாளில் எழுத்தில் வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே நாளில் வாங்கியிருக்கலாம். விண்ணப்பம் ‘முழுமையற்றது’ என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்பித் திரும்பி வந்தது. எது குறைகிறது என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கடைசியில் நேரில் போய் நின்றபோதுதான் கடிதம் என்ற சொல்லே வெளியே வந்தது. ஆகவே ஒப்புதல் கடிதம் வாங்கும்போதே மேல்செலவுக் கொள்கைக் கடிதத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

அது சின்னத் தலைவலி. பெரியது விதை ஒப்பந்தம்.

கடையில் மூட்டை வாங்கி விதைத்துவிட்டால் போச்சு என்று சிலர் நினைப்பார்கள். மரபணு மாற்ற ரகங்களுக்கு அது நடக்காது. மூட்டையோடு வரும் உரிம நிபந்தனைகள் ஆராய்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. 2009-இல் மக்காச்சோளப் பூச்சியியலாளர்கள் 26 பேர் இதே கட்டுப்பாடுகளால் சுதந்திரமான ஆய்வு முடங்குகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு எழுதினார்கள். அதன் பிறகு நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் திடலில் கால் வைக்காதீர்கள்.

விதை நிறுவனத்தின் வயல் அலுவலர் மிக நல்ல மனிதர். தங்கள் ரகங்கள் புழு நிறைந்த மண்ணில் எப்படி நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை. ஆனால் சட்டப் பிரிவிலிருந்து வந்த வரைவில் ஒரு வரி: வழங்குநரின் முன் எழுத்து ஒப்புதல் இல்லாமல் முடிவுகளை யாருக்கும் வெளியிடக் கூடாது. விவசாயிகளின் பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவை விவசாயியிடம் சொல்ல நான் ஒரு நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நான் மறுத்தேன். ரகங்களைக் குறியீட்டெண்ணால் மட்டும் குறிப்பிடலாம் என்று சமாதானம் பேசினார்கள். வாரியத்தில் இருந்த ஒரு மூத்த விவசாயியிடம் இதைச் சொன்னேன். “அட்டவணையில் ஏ, பி என்று போட்டால் நான் கடையில் எந்த மூட்டையைக் கேட்பது?” என்றார். அதற்கு மேல் எனக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியையே சட்டப் பிரிவுக்கு எழுதி அனுப்பினேன்.

வரைவு போவதும் வருவதுமாக வாரங்கள் கரைந்தன. வெளியே நிலம் காய்ந்து விதைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வேறொரு துறைப் பேராசிரியர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அதே நிறுவனத்தோடு எங்கள் பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு முன்பே எல்லா ஆய்வுகளுக்கும் பொருந்தும் ஒரு பொது ஆராய்ச்சி ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம். விசாரித்தால் அது தொழில்நுட்ப உரிமப் பிரிவில் பத்திரமாக இருந்தது. வெளியிடும் உரிமை பற்றிய விதி அதில் ஏற்கெனவே இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாகவே இருந்தது! ஒப்பந்த அலுவலகத்திடம் கேட்டபோது, உரிமப் பிரிவின் கோப்புகள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். புதிய ஒப்பந்தம் எழுத ஆரம்பிக்கும் முன், இந்த நிறுவனத்தோடு பொது ஒப்பந்தம் இருக்கிறதா என்று இரண்டு அலுவலகத்திலும் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

கடைசியில் முடிவானது இதுதான். வெளியிடும் முன் நிறுவனம் 30 நாள் படித்துப் பார்க்கலாம். தன் ரகசியத் தகவல் ஏதும் இருந்தால் நீக்கச் சொல்லலாம். முடிவைத் தடுக்க முடியாது. விற்பனைக்கு வந்துவிட்ட ரகங்கள் பெயரோடு வரும், வராதவை எண்ணோடு. இது நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன். வெளிவராத ரகத்தின் பெயர் விவசாயிக்கும் தேவையில்லை.

விதை வந்ததும் ஓடி ஓடி விதைத்தோம். தாமதமாக விதைத்த திடல்களை முன்னே விதைத்தவற்றோடு ஒப்பிட முடியாது என்பதால் தனி அட்டவணையாக்கினோம். ஒரே அலுவலகக் கோப்பு அறிவியலையே இரண்டாக வெட்டிப்போட்டது.

வயல் நாள் மட்டும் நெஞ்சை நிறைத்தது. செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி, வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக ஒட்டியிருந்த வெளிர் சிஸ்ட்டுகளைக் காட்டினோம். செடிக்கு நைட்ரஜன் சேர்க்கும் வேர் முடிச்சுகள் அதைவிடப் பெரியவை, குழப்பிக்கொள்ளக் கூடாது. பிடுங்கினால் சிஸ்ட்டுகள் உதிர்ந்துவிடும், பலர் அதனாலேயே தங்கள் வயலில் புழு இல்லை என்று நம்பியிருந்தார்கள். பி.ஐ. 88788 அல்லாமல் ‘பீக்கிங்’ என்ற வேறொரு எதிர்ப்பு மூலத்திலிருந்து வந்த ரகங்களின் வரிசையைத்தான் அதிகம் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள்.

அறுவடை முடிந்து, விவசாயிகள் அடுத்த பருவத்துக்கு விதை முன்பதிவு செய்வதற்குள் பெயரோடு கூடிய அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டோம். அடுத்த ஆண்டுக்கான ரகப் பட்டியல் இந்த முறை இலையுதிர் காலத்திலேயே சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறது. கூடவே அந்தப் பழைய பொது ஒப்பந்தத்தின் நகலும்.