கிரப் போச்சுன்னா ஃபார்மட் பண்ணிடாதீங்க

ரங்கூன்ல எந்த கம்ப்யூட்டர் கடைக்கு போனாலும் முதல்ல வர்ற வார்த்தை ஃபார்மட் தான். கிரப்ங்கிறது மெஷின் ஆன் ஆனதும் எந்த ஓஎஸ் (விண்டோஸா, லினக்ஸா) வேணும்னு மெனு காட்டி அத எழுப்பி விடுற சின்ன புரோகிராம். அது கெட்டுப்போய் கறுப்பு ஸ்க்ரீன்ல "கிரப் ரெஸ்க்யூ"ன்னு வந்து நின்னுட்டா போதும், டிஸ்க் போச்சு, எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டுத் தர்றோம்னு சொல்லிடுறாங்க, நம்ம ஆளுங்களும் சரின்னு கொடுத்துட்டு வந்துடுறாங்க. இத கேட்டா எனக்கு மனசு தாங்காது. கோயில் கதவோட பூட்டு இறுகிடுச்சுன்னு உள்ள இருக்க சாமியையா மாத்துவோம்?

நான் பாத்துக்குற மெஷின் ஒரு தமிழ் வகுப்போடது. ரொம்ப பழசு, மெஷின எழுப்புற புது முறையான யூஇஎஃப்ஐ எல்லாம் இல்ல, பழைய முறையான பயாஸ் தான். அதுல விண்டோஸும், லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ்ஸும் சேர்ந்து இருக்கு. பழைய கேள்வித்தாள், பாட்டு, இலக்கணக் குறிப்பு எல்லாம் எல்லா மெஷின்லயும் எழுத்து ஒரே மாதிரி தெரியுற யூனிகோட் முறை வர்றதுக்கு முன்னாடி வந்த ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட்டும் கீபோர்டும் விண்டோஸ் பக்கம் தான் ஒழுங்கா வேலை செய்யுது. பர்மிய ஃபைலுங்களும் பாதி ஸோஜீங்கிற பழைய பர்மிய ஃபான்ட் எழுத்து. நாடு 2019 அக்டோபர்ல யூனிகோடுக்கு மாறிடுச்சு, ஆனா பழைய ஃபைலெல்லாம் அப்படியே தானே கிடக்குது. அதனால விண்டோஸயும் விட முடியாது, இந்தப் பழைய மெஷின்ல நெட் பாக்க லினக்ஸயும் விட முடியாது.

இங்க கரண்ட் நெலம தெரியும்ல, முறை வச்சு விடுறாங்க, அந்த முறையும் சொன்னபடி நடக்காது. மின்ட் அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு, திரும்ப ஆன் பண்ணா "நார்மல்.மாட் ஃபைல் இல்ல"ன்னு சொல்லி கிரப் ரெஸ்க்யூல நின்னுடுச்சு. டீச்சரம்மா போன் பண்ணி "தம்பி, புள்ளைங்க நோட்ஸெல்லாம் போயிடுச்சா"ன்னு கேட்டாங்க, குரலே சரியில்ல. "இல்லம்மா, எல்லாம் உள்ள அப்படியே இருக்கும், யாரையும் தொட விடாதீங்க, நான் வர்றேன்"னு சொன்னேன்.

ஏன் அவ்வளவு உறுதியா சொன்னேன்னா, டிஸ்கோட முதல் செக்டர், அதாவது முதல் துண்டு, 512 பைட் தான், அதுல மெஷின எழுப்புற பூட் கோடுக்கு 446 பைட், டிஸ்க் எப்படி பார்டிஷனா (தனித்தனி பகுதியா) பிரிஞ்சிருக்குன்னு சொல்ற பார்டிஷன் டேபிளுக்கு 64, கடைசி 2 பைட் அடையாளம். அந்த குட்டி கோடு பக்கத்துல காலியா இருக்க இடத்துல உக்காந்திருக்க கிரப்போட மையப் பகுதிய எழுப்பும், அது போய் லினக்ஸ் பார்டிஷன்ல இருக்க பூட்/கிரப் ஃபோல்டர்ல மிச்சத்த தேடும். நமக்கு வந்த மெசேஜ்ல இருந்தே முதல் ரெண்டும் நல்லாருக்கு, மூணாவது தான் பாதி எழுதினபடி நின்னுடுச்சுன்னு தெரியுது. டீச்சரம்மாவோட நோட்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

முதல்ல அந்த ரெஸ்க்யூ ஸ்க்ரீன்லயே "எல்எஸ்" அடிச்சு பாருங்க, பார்டிஷன் எல்லாம் வரிசையா வந்தா டிஸ்க் உயிரோட இருக்குன்னு அர்த்தம். கிரப் இடத்த மறந்திருந்தா மட்டும் தான் "செட் பிரீஃபிக்ஸ்" போட்டு இடத்த காட்டி, "இன்ஸ்மாட் நார்மல்", அப்புறம் "நார்மல்"னு அடிச்சா மெனு வந்துடும். எங்களுக்கு ஃபைலே இல்லாததால அது வேலைக்கு ஆகல, டிஸ்க தொடாம பென்டிரைவ்லேருந்தே மின்ட் ஓடுற லைவ் பென்டிரைவ் போட்டேன்.

லைவ்ல வந்ததும் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" அடிச்சு எது லினக்ஸ் பார்டிஷன்னு நிதானமா பாருங்க, எங்களுக்கு எஸ்டிஏ5, அதாவது எஸ்டிஏங்கிற டிஸ்க்ல 5ம் நம்பர் பார்டிஷன். அத மவுண்ட் பண்றதுக்கு (ஃபைல் பாக்க திறக்குறதுக்கு) முன்னாடியே, பிழை இருக்கான்னு சரிபாக்குற "ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்" ஓட்டிடணும், கரண்ட் போன டிஸ்க்ல இத விடவே கூடாது. அப்புறம் அத மவுண்ட் பண்ணி, டெவ், ப்ராக், சிஸ்ங்கிற மூணு சிஸ்டம் ஃபோல்டரையும் அதுக்குள்ள பைண்ட் பண்ணி (இணைச்சு), சிஹெச்ரூட் போட்டு உள்ள போனா நம்ம பழைய சிஸ்டத்துக்குள்ளயே நிக்கிறோம். பலர் நேரா கிரப் இன்ஸ்டாலுக்கு போயிடுவாங்க, நான் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" தான் முதல்ல ஓட்டுவேன், ஏன்னா அப்டேட் பாதில நின்னிருக்கு, அத முடிக்காம விட்டா நாளைக்கு கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதில) வேற ஒரு சிக்கல் வரும். அதுக்கப்புறம் "கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ", கடைசில 5 போடக்கூடாது, முழு டிஸ்க் தான். அப்புறம் மெனுவ புதுசா எழுத "அப்டேட்-கிரப்".

மெனுல விண்டோஸ் வரலன்னா பயப்படாதீங்க. கிரப் 2.06லேருந்து மத்த ஓஎஸ்ஸ தானா தேடுறத நிறுத்தி வச்சிருக்காங்க, ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைல்ல "கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்"னு ஒரு வரி சேத்துட்டு மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டுங்க. கமாண்டெல்லாம் வேணாம்னா மின்ட் லைவ்லயே பூட் ரிப்பேர்னு ஒரு டூல் இருக்கு, நெட் இருந்தா அதுவே பெரும்பாலும் சரி பண்ணிடும்.

புது மெஷின்காரங்களுக்கு கொஞ்சம் வேற. அங்க ஈஎஃப்ஐ பார்டிஷன்னு தனியா ஒண்ணு ஃபேட்32 ஃபார்மட்ல இருக்கும், லைவ் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ மோட்லயே எழுப்பணும், அந்த பார்டிஷன பூட்/ஈஎஃப்ஐல மவுண்ட் பண்ணிட்டு தான் கிரப் போடணும். விண்டோஸ் டிஸ்க பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தா அந்த 48 இலக்க ரெகவரி நம்பர கைல வச்சுக்கிட்டு தொடங்குங்க.

இங்க நெட் இருக்க லட்சணத்துல மின்ட் லைவ் டவுன்லோட் பண்றதே பெரும்பாடு, கிட்டத்தட்ட 3 ஜிபி. சிஸ்டம் நல்லா இருக்கும்போதே ஒரு பென்டிரைவ்ல போட்டு மேஜை டிராயர்ல வச்சிடுங்க. டீச்சரம்மா டிராயர்ல ஒண்ணு வச்சுட்டு, மேல தமிழ்ல எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன். முதல் செக்டரையும் காப்பி எடுத்து அதுலயே போட்டிருக்கேன். அடுத்து அந்த பழைய ஃபான்ட் நோட்ஸ ஒவ்வொண்ணா யூனிகோடுக்கு மாத்தணும், இலக்கணக் குறிப்புலேருந்து ஆரம்பிக்கலாம்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க.