பிரெட் மேக்கர் வாங்கும் முன் பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள்

மாவைப் பிசைந்து, உப்ப வைத்து, ரொட்டியாகச் சுட்டும் தரும் இயந்திரமான பிரெட் மேக்கரை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதில் எத்தனை புரோகிராம்கள் இருக்கின்றன என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். நானும் அப்படி எண்ணி, 19 புரோகிராம்கள் கொண்ட ஒன்றை வாங்கினேன். நான்கு ஆண்டுகளில் அவற்றுள் தொடர்ந்து கைகொடுத்தவை சாதாரண ரொட்டி, முழுக்கோதுமை ரொட்டி, மாவை மட்டும் பிசைந்து உப்ப வைப்பது ஆகிய மூன்றுதான்.

இப்போது யாராவது யோசனை கேட்டால், மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். சுற்றியுள்ள கம்பிச்சுருளின் சூடு அந்தப் பாத்திரத்தின் வழியாகவே மாவுக்குப் போய்ச் சேருவதால், கனமான அலுமினியப் பாத்திரத்தில் ரொட்டியின் பக்கங்கள் சீராகச் சிவக்கும். நீளமான பாத்திரத்தின் நடுவில் ஒரே பிளேடு சுழலுமானால், மூலைகளில் பிசையப்படாத மாவு வெள்ளையாகத் தங்கிவிடும். தொடங்கிய சில நிமிடங்களில் மூடியைத் திறந்து ரப்பர் கரண்டியால் வழித்துவிட வேண்டும். இரண்டு பிளேடுகள் இருந்தால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் ரொட்டியின் அடியில் இரண்டு குழிகள் விழும்.

என் இயந்திரம் பழுதானதும் அந்தப் பாத்திரத்தால்தான். பிளேடு பொருந்தும் தண்டின் அடியிலுள்ள சீல் தேய்ந்துபோய், ஒரு நாள் ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே கசிய, மாவு ஒன்றுசேராமல் உதிரியாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை; ஆயினும் அந்த மாடலின் பாத்திரம் தனியாகக் கிடைக்காததால் முழு இயந்திரத்தையும் ஒதுக்க நேர்ந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. பாத்திரமும் பிளேடும் தனியாக விற்பனைக்கு உண்டா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று பேருக்கு 750 கிராம் ரொட்டி தாராளம். ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரம் ஆவதால், மின்சாரம் சிறிது நேரம் நின்று வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அவசியம் என்பேன். டைமரும் நல்ல துணைதான். தண்ணீரை அடியில் ஊற்றி, அதன்மேல் மாவைப் பரப்பி, ஈஸ்டை ஈரம் படாமல் உச்சியில் வைத்துவிட்டால் விடியும்போது ரொட்டி தயாராகிவிடும். பல மணி நேரம் வெளியில் கிடந்தால் கெட்டுப்போகும் என்பதால், பாலும் முட்டையும் சேரும் ரொட்டிக்கு மட்டும் டைமர் வைக்கக் கூடாது.

இப்போது என்னிடமுள்ள இயந்திரத்தில் 12 புரோகிராம்கள்தான். அதற்குரிய உதிரிப் பாத்திரம் ஒன்று, பிரிக்காத உறையோடு அலமாரியில் இருக்கிறது.