கோட்டுப் போட்ட கிட்டங்கி

வைகாசியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்காகப் பள்ளத்தூர் வந்திருந்தேன். மத்தியானப் பந்தி ஓய்ந்து, பெரியவர்கள் பட்டாலையிலும் சின்னவர்கள் வளவிலுமாகச் சாய்ந்து கிடந்த நேரம். சித்தப்பாவின் இளைய மகள் நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் படித்த அதே காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, எம்.எஸ். படிக்க ஆகஸ்டில் அமெரிக்கா கிளம்புகிறாள். குக்கர் எத்தனை லிட்டர், சாம்பார்ப் பொடி எத்தனை கிலோ, ஊறுகாய் ஒழுகாமல் எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம், "அண்ணே, அங்க போயி நீங்க ரொம்பப் பயந்தது எதுக்கு?" என்றாள்.

குளிர் என்று சொல்வேன் என நினைத்து 'கு' வரைக்கும் எழுதிவிட்டாள். குளிருக்குச் சட்டை விற்கிறார்கள். எனக்கு வெகுநாள் பழகாமல் இருந்தது வேறு. முன்பின் தெரியாத ஆள் முன்னால் போய் நின்று, நானாகக் கையை நீட்டி, நானாக என் பெயரைச் சொல்வது.

நம் கல்லூரியில் 'கேம்பஸ்' எப்படி நடக்கும் என்று அவளுக்கே தெரியும். கம்பெனி வரும், பட்டியல் ஒட்டுவார்கள், ஆப்டிட்யூட் தேர்வு எழுதுவோம், தேறியவர்கள் வராண்டாவில் காத்திருப்போம், பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போவோம். கூப்பிடும்வரை வாயைத் திறக்க வேண்டியதில்லை. நானும் அமெரிக்காவில் முதல் இரண்டு வாரம் யாராவது கூப்பிடுவார்கள் என்றுதான் இருந்தேன். அங்கே கூப்பிடுகிற ஆளே கிடையாது. பொறியியல் பள்ளிக்கென்று தனியாக ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லா உதவியும் செய்வார்கள். ஆனால் கதவைத் திறந்துகொண்டு நாம்தான் போக வேண்டும்.

போனேன், பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு. மூன்று பக்கம். புகைப்படம், அப்பா பெயர், பிறந்த தேதி, மணமாகாதவர், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்', இடம், நாள், கையெழுத்து. அங்கிருந்த அம்மா பென்சிலை எடுத்தார். புகைப்படத்தின் மேல் ஒரு கோடு. அப்பா பெயர், வயது, கல்யாணம் எல்லாவற்றின் மேலும் கோடு. வயதையோ குடும்பத்தையோ பார்த்து ஆள் எடுத்தார்கள் என்று வழக்கு வந்துவிடக் கூடாதென்று கம்பெனிகள் இதையெல்லாம் தொடவே மாட்டார்களாம். உறுதிமொழியைப் படித்துவிட்டு, "நீ பொய் சொல்வாய் என்று யாராவது சொன்னார்களா?" என்று சிரித்தார். மூன்று பக்கம் ஒரு பக்கம் ஆயிற்று.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு வந்தபோதுதான் வலித்தது. 'எங்கள் குழு ஒரு வெப்பமாற்றி வடிவமைத்தது' என்று எழுதியிருந்தேன். "குழு இருக்கட்டும். நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார். பதிலே வரவில்லை. கணக்குப் போட்டதும் செப்புக் குழாயை வளைத்ததும் நான்தான். ஆனால் நம் வீடுகளில் 'நான் செய்தேன்' என்று ஒருவன் பேசினால், "ரொம்பத்தான்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். 'நாங்கள்' எல்லாம் 'நான்' ஆவதற்கு எனக்கு மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன.

திருத்திய ரெஸ்யூமே இருபது பிரதி எடுத்தேன். அறைக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் பொடியாகப் பிள்ளையார் சுழி போட்டேன். ஐயாவுடைய, அதாவது எங்கள் தாத்தாவுடைய, பேரேடு ஒவ்வொன்றும் அப்படித்தான் தொடங்கும். கண்காட்சியில் ஒரு ஆள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது இரண்டாம் பக்கமா? முதல் பக்கம் எங்கே?" என்று கேட்டார். தமிழில் இரண்டுக்குரிய எண்ணும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான், ஒருவகையில் அவர் படித்தது சரி. அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததில் என் நேரம் தீர்ந்துபோயிற்று.

கண்காட்சி என்கிறேனே, அதுதான் அங்கே 'கரியர் ஃபேர்'. செப்டம்பரில், வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே வந்துவிடும். ஊரைச் சுற்றிப் பார்த்து முடித்திருக்க மாட்டோம், அதற்குள் அடுத்த கோடை விடுமுறையின் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கூடைப்பந்து அரங்கத்துக்குள் வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை ஒரு கம்பெனி. வெளியே இன்னும் வெயில். கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து நிற்கிற பொறியியல் பிள்ளைகள். என் கோட்டு சீனியரிடம் இரவல் வாங்கியது, கை இரண்டு விரல்கடை நீளம். கை குலுக்கினால் பாதிக் கைதான் வெளியே வரும்.

முதலில் எங்கே கூட்டம் அதிகமோ அங்கே போய் நின்றேன். சினிமாக் கொட்டகைப் புத்தி. விமான எஞ்சின் படம் பெரிதாக மாட்டியிருந்த மேசை. ஐம்பது நிமிஷம் வரிசையில் நின்று, முப்பது விநாடிப் பேச்சை மனசுக்குள் உருப்போட்டு, முன்னால் போனால் முதல் கேள்வியே, "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" இல்லை என்றேன். ராணுவ சம்பந்தமான தொழில்நுட்பத்தை, குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் போன்ற சிலரைத் தவிர, வெளிநாட்டுக்காரர் கண்ணில் காட்டவே தனி அனுமதி வேண்டும் என்று அங்கே ஏற்றுமதிச் சட்டம் இருக்கிறது. அந்தப் பெண் மேல் தவறில்லை. ஆறுதலாக ஒரு துணிப்பை கொடுத்தாள். அப்பத்தா இப்போது காய்கறி வாங்க அந்தப் பையைத்தான் எடுத்துப் போகிறார்கள். எந்தக் கம்பெனி என் மூஞ்சியில் கதவைச் சாத்தியதோ அதன் பெயர் காரைக்குடி முழுக்க வெண்டைக்காயோடு ஊர்வலம் போகிறது.

வரிசையில் நிற்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் கண்காட்சிப் பட்டியல் ஹேண்ட்ஷேக் என்ற தளத்தில் முன்கூட்டியே வந்துவிடும், விசா மாணவர்களை யார் யார் எடுப்பார்கள் என்பதும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்தத் தளத்தை 2014ல் தொடங்கியவர்களே மிச்சிகன் டெக் மாணவர்கள் மூன்று பேர். வடக்கே ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற கல்லூரி அது, கம்பெனிக்காரர்கள் அவ்வளவு தூரம் வர யோசிப்பார்கள். காரைக்குடியில் படித்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

விசா என்றதும் தங்கச்சி நோட்டைத் திருப்பினாள். சொன்னேன். படிப்பு முடித்தபின் 12 மாதம் வேலை பார்க்கலாம், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. அதற்கப்புறம் எச்-1பி என்கிற வேலை விசா. வருஷத்துக்கு 65,000 பேருக்கு, அங்கே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. நான் நின்ற காலத்தில் வெறும் குலுக்கல். விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் வாட்ஸப்பில் வருவதை நம்பாமல் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள் என்றேன். 'இப்போதோ பின்னாலோ உங்களுக்கு விசா ஆதரவு தேவையா' என்று எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி இருக்கும். ஆமாம் என்று போடக் கை கூசும். போட்டுத்தான் ஆக வேண்டும்.

தூங்குகிறார்கள் என்று நினைத்த ஐயா, பட்டாலைத் தூணில் சாய்ந்தபடியே கண்ணைத் திறந்தார்கள். "12ம் 24ம் 36. மூணு வருஷக் கணக்கா?"

"ஆமாங்கய்யா."

"கடல் கடந்து வேலைக்குப் போக நாங்க எழுதிக் குடுத்த சம்பளச்சீட்டும் மூணு வருஷந்தானப்பா."

ஐயா 1955ல், பதினேழு வயதில், கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்கிற எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, ஊர் திரும்பியவர்கள். அந்தக் காலத்தைப் பற்றி அவர்களாகப் பேச மாட்டார்கள். அன்றைக்கு என்னவோ பேசினார்கள். பினாங்கு வீதியில் கிட்டங்கி, பல வட்டிக்கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடம். நீளக் கூடம், இரண்டு பக்கமும் பாய், பாய்க்கு ஒரு கைப்பெட்டி, பெட்டிக்கு ஒரு விலாசம், அதாவது கடையின் பெயர். கடன் கேட்டு வருகிற சீனனும் மலாய்க்காரனும் நடுவில் நடந்து போவார்களாம். "எந்தப் பெட்டியில உக்காரணும்னு அவன் முடிவு பண்ணிட்டு வரமாட்டான். எவன் தலையத் தூக்கிப் பாக்குறானோ அங்க நிப்பான். நீ சொல்ற சந்தையும் அதேதான், கோட்டுப் போட்ட கிட்டங்கி. பெட்டிக்குப் பின்னாடி நாங்க உக்காந்தோம், முன்னாடி நீங்க நிக்கிறிய, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் வித்தியாசமா என்று தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பங்காளியும் உறவுமாக ஊரே பின்னால் இருந்தது. ஆனால் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஆள் விஷயத்தில் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பேச்சு, அரங்கத்தின் கடைசி மூலையில், வரிசையே இல்லாத மேசையில்தான். தண்ணீர்ப் பம்பு செய்கிற சின்னக் கம்பெனி. வயதான பொறியாளர் ஒருவர் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வார்ப்படத்தில் காற்றுக் குமிழி விழுவதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினோம். அடுத்த கோடை அங்கேதான் வேலை.

தங்கச்சியிடம் நான் அதிகம் வற்புறுத்தியது கண்காட்சியை அல்ல, செமினாரை. வெள்ளிக்கிழமை தோறும் துறையில் ஒரு செமினார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ யாராவது வந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். எங்களுக்கு வருகைப் பதிவு உண்டு. முன்னதாகப் பீட்சா. சைவக்காரர்கள் பத்து நிமிஷம் முந்திப் போக வேண்டும், ஏனென்றால் கறி போட்ட பீட்சா தின்கிறவர்களும் முதலில் சீஸ் பீட்சாவில்தான் கை வைப்பார்கள். இந்த அநியாயத்தை அவள் கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

முதல் சில வாரம் பத்து நிமிஷத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் எங்கள் துறையிலேயே மூத்த பேராசிரியர், தலையெல்லாம் நரைத்தவர், கையைத் தூக்கி, "அந்தப் படம் எனக்குப் புரியவில்லை, திரும்பக் காட்டுங்கள்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நம் ஊரில் கருத்தரங்கம் என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை. 'ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று சொல்லிக்கொண்டே மைக்கை அணைத்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் பேச்சை விட அதற்குப் பின் வருகிற கேள்விகள் முக்கியம் என்று பட்டது.

பேச வருகிறவரோடு மாணவர்கள் மதியம் சாப்பிடலாம் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஒருமுறை எழுதிப் போட்டேன். மின்கலம் சூடேறுவதைப் பற்றிப் பேச வந்தவர். நாலே பேர், காய்கறி சாண்ட்விச். எந்த ஊர் என்று கேட்டார். வழக்கம்போல 'மதுரைக்குப் பக்கம்' என்றேன், காரைக்குடி என்று சொல்லி அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "காரைக்குடிக்குப் பக்கமா?" என்று கேட்டார்.

சிக்ரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கிருந்து வந்த கட்டுரைகளைப் படித்திருக்கிறாராம். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போகையில் சுவரை மட்டும் பார்த்த இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறேன். அதன் பெயரால் ஒருவர் என்னை ஏறிட்டுப் பார்ப்பார் என்று நினைத்ததில்லை. அன்று இரவே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் வருடம் அவர் எழுதிக் கொடுத்த நாலு வரியில்தான் இப்போதைய வேலைக்கு நேர்காணல் கிடைத்தது. அந்தக் காலத்தில் பங்காளி வீட்டுக் கடிதத்தோடு கப்பலேறியது மாதிரி என்று ஐயா சொன்னார்கள். அங்கே அதற்கு 'ரெஃபரல்' என்று பெயர், அவ்வளவுதான்.

"சரி, பேசிக் காட்டு பாப்போம்" என்றேன் தங்கச்சியிடம். முப்பது விநாடி. முகப்பிலிருந்து நடந்து வர வேண்டும், கை குலுக்க வேண்டும். கம்பெனி ஆளாக ஐயாவே உட்கார்ந்தார்கள், ஒரு தலையணையைக் கைப்பெட்டி மாதிரி முன்னால் போட்டுக்கொண்டு. அப்பத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற பொறுப்பு. அவள் வந்து கையை நீட்டினாள்.

"யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார்கள் ஐயா.

"ஐயா, அதெல்லாம் அங்க கேக்கக் கூடாது!"

"பின்ன எதைத்தான் கேக்குறது?"

"நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க."

ஐயா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்கள். "சரி, சொல்லாத்தா. என்ன செஞ்சே?"

"நாங்க நாலு பேரு சேந்து..." என்று ஆரம்பித்தாள். நான் கனைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு முகப்புக்கே திரும்பிப் போய், மறுபடி நடந்து வந்தாள்.