மருந்துக் கணக்கில் வராதவை

காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பிய பெரியவர் இரவு ஒன்பதரைக்கு மருமகளோடு திரும்பி வந்தார். வயது 74. தோள் துண்டு முழுக்க ரத்தம். "நிக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்று வாயைத் திறந்ததும் மறுபடி வழிந்தது.

மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று காலையிலேயே கேட்டிருந்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், அவ்வளவுதான் என்றார். ஒரு பல்லுக்காக ஆஸ்பிரினை நிறுத்துவது இப்போது வழக்கமில்லை. ஆஸ்பிரினால் வரும் கசிவு பஞ்சுக்கும் தையலுக்கும் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. குழியில் ஜெலாட்டின் பஞ்சை அடைத்து, இரண்டு தையல் போட்டு, ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்க வைத்துக் காத்திருந்தபோதுதான் மருமகள் பேச்சுவாக்கில் சொன்னார்: "கொழுந்தனார் அமெரிக்காவுலேருந்து ஞாபக மறதிக்கு ஒரு டப்பா அனுப்புறாங்க. அதுவும், காலையில தேன்ல ஊறின பூண்டு அஞ்சாறு பல்லும் ஒரு நாள் தவறாது."

டப்பாவில் இருந்தது ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரை. கூடவே மீன் எண்ணெய் மாத்திரையும் உண்டாம். ஆஸ்பிரின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுக்க, அதாவது வாரம் பத்து நாள், முடக்கிவிடுகிறது. பச்சைப் பூண்டிலிருந்து உண்டாகும் அஜோயின் என்ற பொருளும் அதே தட்டணுக்கள் ஒட்டுவதைத்தான் தடுக்கும். ஜிங்கோ மேல் முழுப் பழியையும் போட மாட்டேன்; ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாம் ஒரே வயிற்றில் சேர்ந்ததுதான் வினை. (ரசத்தில் போடும் பூண்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம்.)

"இலை தழைதானேம்மா" என்றார் துணியைக் கடித்தபடியே. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் கதையைச் சொன்னேன். 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோலைத் தின்ற மாடுகள் கொம்பு வெட்டினால்கூட ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தத் தேடலின் வழியே வந்த மருந்து 1948இல் எலி விஷமாகத்தான் கடைக்கு வந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. பூண்டு அவருக்குச் சாப்பாடு. டப்பா, மகனின் பாசம். என் கேள்விதான் சரியில்லை. இப்போதெல்லாம், "பிள்ளைங்க யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். புதிதாக வந்த உதவியாளர், நான் வரன் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த பல்லுக்கு வந்த பெரியவர், மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். டப்பாக்களுக்கு நடுவே ஒரு தலைவலித் தைலமும் உருண்டது. "இதையும் எழுதிக்குங்க" என்றார்.