கமிஷனர் எழுதக் கூடாதவை

சிவில் கோர்ட்டில் ஜூனியர் வக்கீலுக்குச் சீக்கிரமே கைக்கு வரும் வேலை, வழக்கறிஞர் ஆணையர் வேலை. கோர்ட் வளாகத்தில் எல்லோரும் கமிஷனர் என்றுதான் சொல்வார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-இன்படி கோர்ட் வாரண்ட் கொடுக்கும். தேவைப்பட்டால் சர்வேயரையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போய், பார்த்ததை அறிக்கையாகவும் வரைபடமாகவும் தாக்கல் செய்ய வேண்டும்.

போய் இறங்கியதுமே இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். "சார், இந்தத் தென்னை எங்கப்பா வச்சது, எழுதிக்குங்க." தென்னை இருக்கிறது என்று எழுதலாம். யார் வைத்தது என்று எழுத முடியாது. நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசத்தில், இருக்கிறது என்றும் எழுதக் கூடாது. அது சாட்சியத்தைப் பார்த்து நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. அனுபவத்தைக் கண்டுபிடிக்கக் கமிஷனரை அனுப்பக் கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் நான், ஆனால் வழக்கின் முக்கியமான கேள்விக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது! முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. அப்புறம், வரப்பிலேயே வைத்து ஆளாளுக்குச் சொல்லும் கதைகளைக் கேட்கக் கேட்க, விதி சரிதான் என்று பட்டது.

அளக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒரு வழக்கில் வாதியின் பத்திரத்தில் 20 சென்ட், நான்கெல்லைக்குள் அளந்தால் பதினெட்டரை. மீதியைப் பக்கத்து நிலத்துக்காரர் ஆக்கிரமித்துவிட்டார் என்பது பிராது. சரி என்று பிரதிவாதியின் நிலத்தையும் அளந்தோம். அவருக்கும் குறைந்தது. பழைய பாகப்பிரிவினையில் யாரோ உத்தேசமாக எழுதிய அளவு, பத்திரத்துக்குப் பத்திரம் அப்படியே இறங்கி வந்திருக்கிறது. பரப்பளவும் எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். ஆனால் எல்லைக்கல்லையே காணவில்லையே! சர்வேயர், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு, தள்ளியிருந்த கல்லிலிருந்து அளந்து வர அரை நாள் ஆனது. இருவருமே பட்டாவை நீட்டினார்கள். பட்டா வருவாய்த்துறை ஆவணம், அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று அந்த வெயிலில் யாருக்குச் சொல்வது?

பத்திரம் நம்மிடம் இருக்கிறது என்ற தைரியத்தில் வெறும் உறுத்துக்கட்டளை (எதிர்த்தரப்பு தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) மட்டும் கேட்டு வழக்குப் போடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். எதிர்த்தரப்பு உரிமையையே மறுத்து, அதில் கொஞ்சமாவது பொருள் இருந்தால் அது போதாது; உரிமை நமக்குத்தான் என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகையும் கேட்க வேண்டும். நிலம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனமும், அதாவது நிலத்தைத் திரும்பக் கைக்குக் கொடுக்கும்படியும், கேட்க வேண்டும். 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்துச் சொல்லிவிட்டது. காலக்கெடுவும் முக்கியம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 6-இன்படி உரிமையை நிரூபிக்காமலே சுவாதீனம் கேட்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள். அந்த ஆறு மாதத்தைப் பலர் காவல் நிலையத்திலும் பஞ்சாயத்திலுமே கழித்துவிட்டுத்தான் வக்கீலிடம் வருகிறார்கள்.

அந்த 20 சென்ட் வழக்கில் என் அறிக்கைக்கு இரண்டு தரப்புமே ஆட்சேபணை போட்டார்கள். கமிஷனரையும் விசாரிக்கலாம் என்பதால் என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். "வேலி போட்டு எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார் பிரதிவாதி வக்கீல். கம்பி துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். வாதி வக்கீல் எழுந்து, துரு லேசாகவா அதிகமாகவா என்று கேட்டார்.