கருத்துக்கணிப்பில் சீட் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

தேர்தல் நெருங்கினால் டிவி திரையில் பெரிய எழுத்தில் வருவது சீட் கணக்குதான். ஆனால் கணிப்பு எடுப்பவர்கள் சீட்டை அளப்பதே இல்லை. "யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?" என்று கேட்டு, வாக்கு சதவீதத்தை மட்டும் அளக்கிறார்கள். அதைப் போன தேர்தல் முடிவோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் நகர்ந்தால் எந்தெந்தத் தொகுதி கைமாறும் என்று ஊகித்து எடுப்பதுதான் சீட். அதிகம் சறுக்குவது இந்த இரண்டாவது படியில்தான்.

2016 தமிழ்நாட்டு சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளிதான் வித்தியாசம். சீட்டோ 134க்கு 98. ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் எக்ஸிட் போல்களில் அன்று பெரும்பாலானவை திமுக வெல்லும் என்றன. 2024 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணி சுமார் 47 சதவீத வாக்கில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் அள்ளியது. எதிர்த்தரப்பு வாக்குகள் சிதறியதால் மற்றவர்களுக்குப் பூஜ்யம். வாக்கு எப்படிப் பிரிகிறது என்று தெரியாமல் சீட் சொல்வது ஜோசியம்.

இப்போது சாம்பிள் கணக்கு. 1,000 பேரைக் கேட்டால் ஒரு கட்சியின் சதவீதத்தில் 3 புள்ளி வரை கூடவோ குறையவோ பிழை இருக்கலாம். இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் அந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதனால் 40க்கு 38 என்று வந்தால் "முன்னிலை" என்று தலைப்புப் போடக்கூடாது. (போடுவார்கள்.) 10,000 பேர் என்றால் பிழை 1 புள்ளிக்கு இறங்கும். ஆனால் 234 தொகுதிக்கும் அதைப் பங்கிட்டால் தொகுதிக்கு 43 பேர்தான். அங்கே பிழை 15 புள்ளி. "தொகுதிவாரி நிலவரம்" என்று வந்தால் சேனலை மாற்றிவிடலாம். இதெல்லாம் சாம்பிள் சீராக எடுத்திருந்தால் வரும் பிழை. ஒரே பூத்தில் பத்துப் பேரைக் கேட்டால், அக்கம்பக்கத்தவர் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவதால் உண்மைப் பிழை இன்னும் கூடும்.

அடுத்து எடை போடுதல். சாம்பிளில் பெண்கள் 30 சதவீதம்தான் வந்தார்கள், வாக்காளரில் பாதிப் பேர் பெண்கள் என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 1.67ஆல் பெருக்குவார்கள். கிடைத்த அந்தக் கொஞ்சப் பேரும் பதில் சொல்லத் தயங்காதவர்கள் மட்டுமே என்றால், அது ஒரு சாய்வு, அதாவது ஒருபக்கமாக விலகிய சாம்பிள்; பெருக்குவதும் அதைத்தான். ஊரில் இன்னார் இன்னாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்தச் சூத்திரமும் உதவாது.

யூடியூப், எக்ஸ் தளங்களில் நடக்கும் வாக்கெடுப்பை இந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் எடுத்த கணிப்புக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் வென்றார். எண்ணிக்கை பெருகினால் சாய்வு போய்விடாது.

இதன் விளைவு டிவி விவாதத்தோடு முடிவதுமில்லை. 2024 ஜூன் 1 மாலை வந்த எக்ஸிட் போல்களில் பல, பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேல் சீட் தந்தன. ஜூன் 3 அன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறியது. கூட்டணி 293இல் நின்ற ஜூன் 4 அன்று சுமார் 4,400 புள்ளி விழுந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடத் தடை விதிக்கிறது. மாதக்கணக்கில் முன்பே வரும் கருத்துக்கணிப்பை அது தொடாது. கூட்டணிப் பேச்சில் "எங்களுக்கு இத்தனை சதவீதம் இருக்கிறது" என்று காட்டிச் சீட் கேட்க உதவுவது அந்தக் கணிப்புதான். எத்தனை பேரை, எந்தத் தேதிகளில், நேரிலா போனிலா கேட்டார்கள், செலவு யாருடையது என்ற நான்கும் போடாத கணிப்பை நான் படிப்பதில்லை.